எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

முன்பெல்லாம் பெரிய இரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்ன ஓர் எடை இயந்திரம் நிற்கும். ஏறி நின்று காசு போட்டால் சிறிய அட்டை ஒன்று வந்து விழும். ஒரு பக்கத்தில் நம் எடை இருக்கும்; மறு பக்கத்தில் நம் குணமோ வருங்காலப் பலனோ ஒரு வரியில் அச்சிட்டிருக்கும். எடையோடு பலனையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் அந்த அட்டையோடு போய்விடவில்லை. இன்று பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலேயே எடைக் கருவி கிடக்கிறது. அதில் 58 என்று கண்டதும், "நான் அழகில்லை, என்னால் எதையும் கட்டுப்படுத்த முடியாது" என்ற பலனை நம் மாணவியர் தாங்களாகவே எழுதிக்கொள்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகும் மாணவியர் மனையியல் வகுப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், நான் எத்தனை கிலோ இருக்கணும்?" கேட்கக் கூடாத கேள்வியன்று. இன்னும் சில மாதங்களில் அவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்வார்கள். எதை உண்பது, எப்போது உறங்குவது, விளையாடுவதா வேண்டாமா என்பதையெல்லாம் அம்மா தீர்மானித்த காலம் முடிந்து, தாமே தீர்மானிக்க வேண்டிய காலம் வருகிறது. அந்த வயதில் தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொள்வது நல்லதே. ஆனால் எடையையே இலக்காக வைப்பதா, அல்லது அன்றாடம் செய்யும் செயலை இலக்காக வைப்பதா? இரண்டாவதையே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைப் பார்ப்போம்.

முதலில் கணக்கைச் செய்துவிடலாம். கிலோ கணக்கில் உங்கள் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கணக்கில் உங்கள் உயரத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். எடையை அந்த விடையால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண். மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்பார்கள். 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் எடை 50 கிலோ என்றால், 1.55-ஐ 1.55-ஆல் பெருக்க 2.40, 50-ஐ அதனால் வகுக்க 20.8. இந்த எண் 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. உலக அளவில் 25 வரை சரியான எடை என்று கொள்கிறார்கள். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுவதால், 2009-இல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூடி எல்லையை 23-ஆகக் குறைத்தார்கள். 18 வயது நிறையாதவர்களுக்கு இந்த எல்லைகள் அப்படியே பொருந்தா. அவர்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை குழந்தை மருத்துவரிடம் இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்தே ஒன்றைக் கவனியுங்கள். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குச் சரியான எடை ஏறத்தாழ 44.5 கிலோவிலிருந்து 55 கிலோ வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஒரே உயரமுள்ள இரு தோழியரில் ஒருத்தி 46 கிலோ, இன்னொருத்தி 54 கிலோ என்றால் இருவருமே சரியான எடையில்தான் இருக்கிறார்கள். 54 கிலோக்காரி தன் தோழியைப் பார்த்து ஏங்கி இரவு உணவை நிறுத்துவதற்குக் கணக்கில் எந்த நியாயமும் இல்லை.

இந்தக் குறியெண்ணின் பிறப்பையும் சொல்ல வேண்டும். இதைக் கண்டவர் மருத்துவரே அல்லர். அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டு வானியல், புள்ளியியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரி அளவுகளை ஆராய்ந்தபோது பிறந்த கணக்கு இது. 1972-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். ஊர் முழுவதையும் அளக்கப் பிறந்த கோல் இது. ஓர் ஆளின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல இதனால் ஓரளவே முடியும்.

எவ்வளவு ஓரளவு என்பதற்கு ஒரு சான்று. 2004-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவருக்கும் குறியெண் ஒன்றேதான், 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லியானவர்களே. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! கருவி காட்டிய எண் ஒன்றாக இருந்தும் உள்ளே இருந்தவை வேறு. ஒருவரிடம் தசை மிகுதி, மற்றவரிடம் கொழுப்பு மிகுதி. நம்மவர்கள் பலர் இந்த இரண்டாவது வகை. ஒல்லியாக இருக்கிறோம் என்று ஓடாமல் ஆடாமல் இருப்பவர்களுக்கும் நீரிழிவு வருவதற்கு இது ஒரு காரணம். 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர்.

இனி நம் மாநிலத்துப் பெண்களின் நிலை என்ன என்று பார்ப்போம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 12.6 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள், 40.4 சதவீதத்தினர் எடை மிகுந்தவர்கள். இந்த இரு தொகையைச் சொல்லி ஒரு பட்டிமன்றமே நடத்திவிடலாம். ஆனால் அந்த ஆய்வில் என்னைத் திகைக்க வைத்தது மூன்றாவது தொகை. இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். இரண்டு பேரில் ஒருத்திக்கு மேல்! ஒல்லியானவர்களும் இதில் உண்டு, பருமனானவர்களும் உண்டு. பருமனான பெண்ணுக்கு இரத்தம் குறையாது என்று நினைப்பது தவறு. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் எடையைக் கூட்டும், இரத்தத்தைக் கூட்டா.

ஆகவே எடைக் கருவியின் மேல் நின்று கவலைப்படும் மாணவியர் வரிசையில், தங்களுக்கே தெரியாமல் இரத்தம் குறைந்தவர்களும் நிற்கிறார்கள். அவர்கள் உணவைக் குறைத்தால் என்னவாகும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படித்தது நினைவில் நிற்கவில்லை, காலையில் எழ முடியவில்லை, முடி உதிர்கிறது என்பார்கள். "தேர்வுப் பயம்" என்று நாமும் சொல்லிவிடுவோம்.

உணவை வெட்டி எடையைக் குறைப்பதன் விளைவைத் துல்லியமாக ஆராய்ந்தவர், மேலே சொன்ன அதே ஆன்செல் கீஸ்தான். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு எப்படி உணவளித்துத் தேற்றுவது என்று அறிவதற்காக, 1944-45-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பொருட்டுப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். நல்ல உடல்நலமும் நல்ல மனநலமும் உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதிதான். அதுவும் பட்டினியன்று, நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி. இன்று பத்திரிகைகளிலும் கைப்பேசியிலும் "ஏழே நாளில் இளைக்கலாம்" என்று வரும் திட்டங்கள் பல இதைவிடக் குறைவாகவே கொடுக்கின்றன.

ஆறு மாதத்தில் அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. கோடையிலும் குளிர்ந்தது. கலகலப்பாக இருந்தவர்கள் சிடுசிடுப்பானார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள். அரசியல், பெண், புத்தகம் எதிலும் நாட்டமில்லை. உணவைப் பற்றியே பேச்சு, உணவைப் பற்றியே கனவு. சமையலில் அக்கறையே இல்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படுக்கையில் வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்த பிறகும் சிலரால் நிறுத்த முடியவில்லை. இழந்ததைவிட அதிகக் கொழுப்பு உடலில் திரும்பி வந்து சேர்ந்தது. மன உறுதி மிக்க ஆண்களுக்கே இது நேர்ந்தது. காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்து, மதிய டப்பாவைத் தோழியிடம் தள்ளிவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, "எனக்கு மன உறுதியே இல்லை" என்று அழும் பெண் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. பசித்த உடல் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பெண்ணுக்கு இதில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. உடலுக்கு வரவு மிகவும் குறைந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றுவிடும். எலும்பை உறுதியாக்கும் சுரப்பும் அதோடு குறைகிறது. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பு வலிமையில் பெரும்பகுதியை ஒரு பெண் தன் பதினெட்டு வயதுக்குள் சேர்த்துவிடுகிறாள். அந்தச் சேமிப்பில் விழும் குறை அறுபது வயதில் இடுப்பெலும்பு முறிவாக வந்து நிற்கலாம். மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால், எடை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

இங்கே தவக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளைப்பதற்குத் தவக்காலத்தைச் சாக்காகக் கொள்ளும் மாணவியர் எங்கும் உண்டு. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தின்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் தொடங்குகிறது. 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் மட்டுமே கடமை. வளரும் உடலுக்கு உணவு வேண்டும் என்பதைத் திருச்சபையும் அறிந்தே வைத்திருக்கிறது. சகோதரிகளிடம் கேட்டால் இன்னும் நன்றாக விளக்குவார்கள்.

சரி, எடை இலக்காக வேண்டாம் என்றால் எதை இலக்காக வைப்பது? உங்கள் கையில் இருப்பதை. நாளைக் காலை உங்கள் எடை என்னவாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. உப்பு சற்றுக் கூடினாலோ மாதவிலக்கு நெருங்கினாலோ ஒன்றரைக் கிலோ ஏறி இறங்கும். நாளைக் காலை உணவு உண்பது உங்கள் கையில் இருக்கிறது. மாலையில் அரை மணி நேரம் நடப்பதும் அப்படியே.

உணவில் முதல் இலக்கு இரத்தம். இரும்புச்சத்து நாளொன்றுக்கு எவ்வளவு தேவை என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் கணக்கிட்டது. வளர்ந்த ஆணுக்கு 19 மில்லி கிராம். வளர்ந்த பெண்ணுக்கு 29. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 32. அண்ணனைவிடக் குறைவாக உண்ணும் தங்கைக்கு அண்ணனைவிட அதிக இரும்பு வேண்டியிருக்கிறது! மாதந்தோறும் இழப்பதை ஈடு செய்ய வேண்டுமே. ஆகவே அவளுடைய தட்டில் வெறும் அளவைவிடச் சத்தே முக்கியம். தீட்டிய அரிசிச் சோற்றில் இரும்பு மிகக் குறைவு. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கம்பு, கேழ்வரகு, கொள்ளு, தட்டைப்பயறு, எள், ஈரல், மீன் இவற்றில்தான் அது உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. கூடவே புளிப்புள்ள பழமோ காயோ வேண்டும். கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழியலாம். உண்ட பின் ஒரு நெல்லிக்காயோ பாதிக் கொய்யாவோ போதும். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு, விலையும் குறைவு. இதற்கு நேர்மாறானது தேநீரும் காப்பியும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வாரம் ஒன்றாகக் கொடுக்கப்படும் நீல மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவது நம் மாணவியர் பலரின் வீரச்செயல். அதில் 60 மில்லி கிராம் இரும்பும் போலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மதிய உணவுக்குப் பின் போட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது இரும்பின் நிறம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு இரத்தத்தைக் குடிக்கும்போது கீரை தின்று என்ன பயன்?

இரத்தத்துக்கு அடுத்தது தட்டு முழுவதும். நம் ஊர்த் தட்டில் எது குறை என்பதை நூறாண்டுக்கு முன்பே நம் நீலகிரியில் ஆராய்ந்துவிட்டார்கள். மேலே சொன்ன ஐதராபாத் நிறுவனம் பிறந்த இடமே குன்னூர்தான். 1918-இல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறு ஆய்வு அது. 1958-இல்தான் நிறுவனம் ஐதராபாத்துக்குப் போயிற்று. மெக்காரிசன் 1920-களில் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி என்று பஞ்சாப் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. நம் மதராஸ் உணவை உண்ட எலிகளுக்குக் கடைசி இடம்! நமக்குச் சற்று ரோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அரிசியின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. நன்றாகத் தீட்டிய அரிசி தட்டை நிறைத்துக்கொள்ள, பருப்பும் பாலும் காய்கறியும் ஓரத்தில் பெயருக்கு இருந்ததுதான் குறை. இன்றும் சோற்று மலையும், அடியில் பருப்பு தேடும் சாம்பாரும், ஒரு கரண்டி உருளைக்கிழங்கும்தானே பல தட்டுகளில்?

2024-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம்தான். அதுவும் வேகாத அளவு. காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தராசு வைத்துச் சாப்பிட வேண்டாம். தட்டில் பாதி இடத்தைக் காயும் கீரையும் பழமும் பிடிக்கட்டும், மீதிப் பாதியைச் சோறும் பருப்பும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். இது ஒன்றே பருமனாக இருப்பவளுக்கும் ஒல்லியாக இருப்பவளுக்கும் பொருந்தும். ஒல்லியானவள் இதோடு வேர்க்கடலை, எள்ளுருண்டை, ஒரு டம்ளர் பால், இரண்டாவது முட்டை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். எடை கூட வேண்டும் என்று சிப்ஸும் குளிர்பானமும் ஊட்டுவதில் பொருளில்லை.

புரதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலில் 5 அல்லது 6. சோறு, இட்லியிலும் சிறிது வரும். கூட்டிப் பார்த்தால் எங்கே இடறுகிறோம் என்று தெரியும், பெரும்பாலும் காலையில். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் காலை உணவல்ல. கேழ்வரகுக் கூழும் வேர்க்கடலைத் துவையலும் பத்து நிமிட வேலை. கேழ்வரகில் எடைக்கு எடை பாலைப்போல் மூன்று மடங்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. விடுதிக்குச் செல்லும் மாணவியர் பெட்டியில் அழகுப் பொருளோடு ஒரு டப்பா பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் எடுத்துச் செல்லுங்கள். விடுதியில் இரவு ஏழு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடும். பத்து மணிப் பசிக்கு அதுதான் துணை.

உடற்பயிற்சிக்கு வருவோம். வயதுக்கு வருகிற வரையில் பாண்டியும் ஓடிப்பிடித்தலும் ஸ்கிப்பிங்கும் ஆடிய பெண் திடீரென்று உட்கார்ந்துவிடுகிறாள். பையனோ தெருவில் கிரிக்கெட்டைத் தொடர்கிறான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியபடி 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நடையை எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாவதை நம் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் "கை முரடாகிவிடும்" என்ற பயம். முரடாகாது. டாக்டர் யாஜ்னிக்கின் கதையை நினைத்துப் பாருங்கள். உண்ட சர்க்கரையை இரத்தத்திலிருந்து இழுத்துப் பயன்படுத்துவதில் பெரும்பங்கு தசைக்குத்தான். தசை குறைந்த ஒல்லி உடலில் அந்தச் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைவு.

இதற்குச் சந்தா கட்டி எங்கும் போக வேண்டாம். நாற்காலியைப் பிடிக்காமல் பதினைந்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், நிறைகுடத்தைத் தூக்கி மாடி ஏறுவது, எல்லாம் தசைப் பயிற்சியே. ஸ்கிப்பிங் கயிறு எலும்புக்கு மிக நல்லது. குதித்துத் தரையில் படும் அதிர்ச்சியில்தான் எலும்பு உறுதியாகிறது. எறிபந்து, வளையப்பந்து, கபடி, கோலாட்டம், பரதம் எது பிடிக்கிறதோ அது. பிடிக்காததை மூன்றாவது வாரம் விட்டுவிடுவீர்கள், ஆகவே பிடித்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். உறக்கத்தையும் மறக்க வேண்டாம். எட்டு மணி நேரம் உறங்காதவளுக்கு மறுநாள் பசியும் கூடும், சோம்பலும் கூடும்.

இலக்கை எழுதும் முறையும் ஒன்று உண்டு. "இனி நன்றாகச் சாப்பிடுவேன்", "ஐந்து கிலோ குறைப்பேன்" என்று எழுதினால் அது புத்தாண்டுத் தீர்மானம், பொங்கலுக்குள் மறந்துவிடும். "திங்கள், புதன், வெள்ளி கல்லூரி விட்டதும் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி நடப்பேன்" என்று எழுதுங்கள். நாளும் இடமும் அளவும் அதில் இருக்கின்றன. செய்தோமா இல்லையா என்று இரவில் ஒரு டிக் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதத்துக்கு ஒன்று போதும். அது பழகியபின் அடுத்தது. வாரத்தில் ஒரு நாள் தவறினால் மீதி ஆறு நாளும் பாழ் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இலக்கை அடைந்தால் பரிசு வேண்டுமென்றால் உணவைப் பரிசாக்காமல் வேறு ஏதேனும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பார்க்கவே கூடாதா என்றால், மாதம் ஒருமுறை பாருங்கள். கூடவே ஒரு நாடாவால் வயிற்றுச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு 80 செ.மீ.க்கு மேல் போவது நல்லதல்ல. உண்மையிலேயே எடை குறைக்க வேண்டியவள் என்று மருத்துவர் சொன்னால், வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் வரும் பொடியும் தேநீரும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். சாப்பிட்டபின் தனியே சென்று வாந்தி எடுப்பது, சாப்பாட்டு நேரத்தில் மறைந்துகொள்வது, எடை குறையக் குறைய இன்னும் குறைக்கத் துடிப்பது, இவை மருத்துவரும் மனநல ஆலோசகரும் பார்க்க வேண்டிய நோயின் அறிகுறிகள். தோழியிடம் இதைக் கண்டால் இரகசியம் காக்காதீர்கள். உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஆசிரியையிடமோ சகோதரியிடமோ அன்றே சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் இரண்டொரு வார்த்தை. விருந்தினர் முன்னால் "இவ ரொம்பக் குண்டாயிட்டா", "ஊதினா பறந்துடுவா" என்று சொல்வது வேடிக்கைக்குத்தான். கேட்கும் பெண் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் இளைத்தாக வேண்டும் என்று பட்டினி போடும் வீடுகளும், அவர்கள் வருமுன் தேற்ற வேண்டும் என்று நெய்யாக ஊட்டும் வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. ஆண்கள் உண்டபின் மிஞ்சியதைத் தாயும் மகளும் உண்ணும் வழக்கமும் முழுதும் மறையவில்லை. மிஞ்சுவது பெரும்பாலும் சோறும் குழம்பும்தான், முட்டையும் மீனும் மிஞ்சுவதில்லை. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் இந்தக் குறை தானாகவே தீரும். பள்ளிகளிலும், தேர்வு நெருங்கியதும் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பாக மாற்றுவதை நாம் நிறுத்தலாம். இதை ஆசிரியையர் அறையில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆகவே மலரில் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியர் கல்லூரியில் சேருமுன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு துளி இரத்தம்தான். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. அப்போது வாரம் ஒரு நீல மாத்திரை போதாது. மருத்துவர் நாள்தோறும் உண்ண மாத்திரை தருவார். சில வாரங்களில் எண் ஏறிவிடும், களைப்பும் போய்விடும், உடனே பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எண் சரியான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். அதுவரை நிறுத்த வேண்டாம். முடிவுத் தாளை மதிப்பெண் பட்டியலோடு அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.